பின்வரிசைப் பையனைத் திட்டாதீர்கள்!

ஞாயிற்றுக்கிழமை மாலை. மதியச் சோறும் சிறு தூக்கமும் முடிந்து, தோட்டத்துத் திடலைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். மரத்தடியில் பெரியவர்கள், மோட்டார் சைக்கிள்மேல் சாய்ந்தபடி இளைஞர்கள், ஐஸ் தண்ணீர்ப் பையைச் சப்பிக்கொண்டு பிள்ளைகள். பக்கத்துத் தோட்டத்து அணியோடு காற்பந்தாட்டம். பத்தாவது நிமிடத்தில் நம் அணி ஒரு கோல் வாங்கிற்று. இருபத்தைந்தாவது நிமிடத்தில் இன்னொன்று. அவ்வளவுதான், கரையில் நின்றவர்கள் தொடங்கிவிட்டார்கள்.

"டேய், பேக்குல நிக்கிறவன மாத்துங்கடா!"

"அவனுக்குப் பந்தும் தெரியல, ஆளும் தெரியல!"

"போன வாரமும் இவனாலதான் தோத்தோம்!"

அந்தப் பையனுக்குப் பதினேழு வயதுதான் இருக்கும். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காதில் விழாமலா இருக்கும்? கோல் கம்பத்துக்குப் பின்னால், தங்கச்சியைக் கையில் பிடித்தபடி நிற்கும் அவன் அம்மாவின் காதிலும் அது விழத்தான் செய்கிறது.

இது எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள். ரெங்கமாக இருக்கலாம், லாபிஸாக இருக்கலாம், கூலாயாகவும் இருக்கலாம். ஜொகூர் மாநிலத்தில் காற்பந்துத் திடல் உள்ள எந்த ஊரிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். லீக் ஆட்டங்கள் பாதிதான் முடிந்திருக்கின்றன. மீதிப் பாதிக்கு அந்தப் பையன் வருவானா, மாட்டானா என்பதை எதிரணியின் கோல் முடிவு செய்வதில்லை. கரையில் நிற்கும் நம் வாய்தான் முடிவு செய்கிறது.

அதனால்தான் இன்று, தடுமாறும் தற்காப்பு வரிசையைப் பற்றியும், அதனிடம் நாம் காட்ட வேண்டிய பொறுமையைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம் என்று எண்ணினேன்.

பழி ஏன் பின்வரிசைக்கு?

முன்வரிசையில் ஆடுகிறவன் பத்து முறை பந்தை அடிக்கிறான். ஒன்பது வெளியே போகிறது, ஒன்று உள்ளே போகிறது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்தைச் சுற்றி வருகிறோம். பின்வரிசையில் ஆடுகிறவனுக்கும் பத்து முறை பந்து வருகிறது. ஒன்பது முறை சரியாகத் தடுக்கிறான், ஒரு முறை கால் சறுக்குகிறது. அந்த ஒன்றைத்தான் மறுநாள் காலைப் பிரட்டுக்களம் வரைக்கும் பேசுகிறோம். இது என்ன கணக்கு?

இன்னொன்றையும் கவனியுங்கள். கோல் விழும்போது பந்துக்குப் பக்கத்தில் நிற்பவன் தற்காப்பு ஆட்டக்காரன். ஆனால் அந்தக் கோலின் தொடக்கம் பெரும்பாலும் அவனிடம் இல்லை. நடுத்திடலில் ஒருவர் பந்தைப் பறிகொடுத்திருப்பார். ஏறி ஆடப் போன பக்கத்து ஆட்டக்காரர் திரும்பி வந்திருக்க மாட்டார். கோல் கீப்பர் குரல் கொடுத்திருக்க மாட்டார். இப்படி மூன்று பேர் விட்ட பிழையை, கடைசியில் நின்ற ஒருவன் தலையில் சுமக்கிறான். தண்ணீர்க் குழாய் மேட்டில் உடைந்திருக்க, பள்ளத்து வீட்டுக்காரரைத் திட்டுவதுபோல் இருக்கிறது இது.

தற்காப்பு என்பது நான்கு பேர் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர்கள்போல் நகர்வது. ஒருவர் முன்னே போய்ப் பந்தைத் தடுத்தால், அடுத்தவர் உள்ளே ஒடுங்கி அந்த இடத்தை மூட வேண்டும். எதிரணியை ஆஃப்சைடில் சிக்கவைக்க நால்வரும் ஒன்றாக மேலே ஏற வேண்டும். ஒருவர் மட்டும் அரை அடி பின்தங்கினாலும் எதிராளி தனியாகக் கீப்பரிடம் போய்விடுவான். இந்த ஒற்றுமை சேர்ந்து ஆடி ஆடித்தான் வரும். ஒருவர் எப்போது ஓடுவார், எப்போது நிற்பார் என்பது மற்றவருக்குப் பேச்சில்லாமல் தெரிய வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். தோற்றுவிட்டோம் என்று வாரம் இரண்டு பேரை மாற்றினால் அந்தக் கயிறு எப்படி இறுகும்? ஒவ்வொரு ஞாயிறும் புதுக் கயிறுதான்!

ஐந்து கோல் வாங்கியவர்கள் கிண்ணம் வாங்கிய கதை

"பேசுவது எளிது, தோற்றுக்கொண்டே இருந்தால் எப்படிப் பொறுப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம் நாட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

2010ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி. தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணப் போட்டியின் முதல் ஆட்டத்தில் மலேசியா ஜகார்த்தாவில் இந்தோனேசியாவைச் சந்தித்தது. பயிற்றுநர் நம்மவரான கே. ராஜகோபால். அதற்கு முந்தைய ஆண்டு லாவோசில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில், 20 ஆண்டுகளுக்குப் பிறகு நாட்டுக்குக் காற்பந்துத் தங்கம் வாங்கித் தந்தவர் அவர். அந்த இளைஞர்களில் பலரைத்தான் இந்த அணியிலும் வைத்திருந்தார். எல்லாரும் எதிர்பார்ப்போடு தொலைக்காட்சிமுன் உட்கார்ந்தார்கள்.

முடிவு என்ன தெரியுமா? 5க்கு 1. ஐந்து கோல் வாங்கிக்கொண்டு திடலைவிட்டு வந்தார்கள் நம் பிள்ளைகள்.

அன்றிரவு ராஜகோபாலின் இடத்தில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? பின்வரிசையைக் கூண்டோடு கலைத்திருப்போம். அவர் அப்படிச் செய்யவில்லை. தான் வளர்த்த இளைஞர்களை நம்பியே தொடர்ந்தார். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டும் உட்கார்ந்திருக்கவில்லை. கோல் கீப்பரை மாற்றினார். கைருல் ஃபாமி என்ற 21 வயது கிளந்தான் இளைஞர் அந்த இடத்துக்கு வந்தார்.

மூன்று நாள் கழித்துத் தாய்லாந்தோடு ஆட்டம். 0க்கு 0. அடுத்து லாவோசை 5க்கு 1 என வென்றார்கள். அதே நாளில் இந்தோனேசியா தாய்லாந்தைத் தோற்கடித்ததால், மலேசியாவுக்கு அரையிறுதிக் கதவு திறந்தது. அரையிறுதியில் எதிரே நடப்பு வெற்றியாளரான வியட்நாம். புக்கிட் ஜாலிலில் 2க்கு 0 வெற்றி. பிறகு ஹனோயில், வியட்நாம் ரசிகர்களின் இரைச்சலுக்கு நடுவே, 0க்கு 0. இறுதியாட்டத்தில் மறுபடியும் அதே இந்தோனேசியா! டிசம்பர் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் சஃபி சாலி இரண்டும் அஷாரி சம்சுடின் ஒன்றும் போட, 3க்கு 0.

கூட்டிப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கிய அணி, அடுத்த ஐந்து ஆட்டங்களில் வாங்கியது ஒரே ஒரு கோல்.

டிசம்பர் 29ஆம் தேதி ஜகார்த்தாவில் இரண்டாவது இறுதியாட்டம். முற்பாதியிலேயே இந்தோனேசியாவுக்கு ஒரு பினால்டி கிடைத்தது. அதைப் பிடித்துவிட்டார் கைருல் ஃபாமி. அந்த ஆட்டத்தில் 2க்கு 1 என்று தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4க்கு 2 என மலேசியா வென்றது. அந்தக் கிண்ணம் முதல் முறையாக நம் நாட்டுக்கு வந்தது. எந்தத் திடலில் ஐந்து கோல் வாங்கித் தலை குனிந்தார்களோ, அதே திடலில் நான்கே வாரத்தில் கிண்ணத்தைத் தூக்கி நின்றார்கள்.

நம் ஜொகூரிலேயே நடந்தது

அது நாட்டின் கதை. நம் மாநிலத்துக்கும் ஒரு கதை உண்டு.

ஜொகூர் டாருல் தக்சிம் அணியைப் பற்றித் தெரியாதவர் இங்கே யாரும் இல்லை. 2014ஆம் ஆண்டு முதல் சூப்பர் லீக் கிண்ணத்தை ஆண்டு தவறாமல் வென்று பெயர் வாங்கிய அணி. உள்நாட்டில் அந்த அணியின் தற்காப்பைத் திட்ட ரசிகர்களுக்கு வாய்ப்பே அரிது. ஆனால் ஆசிய அளவில் போகும்போது கதை வேறு.

2022 ஏப்ரலில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் ஒரு பிரிவு ஆட்டங்கள் ஜொகூரிலேயே நடந்தன. நோன்பு மாதம். எதிரே இருந்தவர்களில் இருவர் சாதாரண ஆட்கள் அல்லர். ஜப்பானின் வெற்றியாளரான கவாசாக்கி, 2020இல் ஆசியக் கிண்ணத்தையே வென்ற கொரியாவின் உல்சான். மூன்றாவது அணி சீனாவின் குவாங்சோ. அவர்கள் இளையோர் அணியைத்தான் அனுப்பியிருந்தார்கள். ஜொகூரின் பயிற்றுநர் மெக்சிகோ நாட்டவரான பெஞ்சமின் மோரா.

முதல் மூன்று ஆட்டங்களில் குவாங்சோவை 5க்கு 0, உல்சானை 2க்கு 1 என வென்று, கவாசாக்கியோடு 0க்கு 0 எனச் சமன் செய்தது ஜொகூர். மூன்று ஆட்டத்தில் வாங்கியது ஒரு கோல்தான். "இதல்லவா தற்காப்பு!" என்று ரசிகர்கள் பூரித்துப்போனார்கள்.

நான்காவது ஆட்டம். அதே கவாசாக்கி, அதே ஜொகூர் மண். இம்முறை 0க்கு 5! மூன்று நாளைக்கு முன் ஒரு கோல்கூட விடாத அதே அணியின் வலைக்குள் ஐந்து கோல்.

இப்படி நடப்பது எப்படி? காற்பந்தில் கோல் மழைபோல் கொட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு கோல் வாங்கியதும் அதைத் திருப்பிப் போட வேண்டும் என்று முன்னே ஏறுகிறார்கள். பின்னால் இடம் விரிகிறது. அந்த இடத்தில் இரண்டாவது கோல் வருகிறது. இன்னும் அவசரம், இன்னும் இடைவெளி. ஐந்து கோல் விழுந்தால் ஐந்து மடங்கு மோசமான தற்காப்பு என்று பொருள் அல்ல. ஒரு பிழையும் நான்கு பதற்றமும் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மிச்சம் இருந்தவை இரண்டு ஆட்டங்கள். பாதிக் கிணறு தாண்டிய நிலை. அடுத்த ஆட்டத்தில் குவாங்சோவை 2க்கு 0 என வென்றார்கள். கடைசி ஆட்டம் உல்சானோடு. ஆட்டம் 1க்கு 1 என்று முடியப்போகும் நேரத்தில், உல்சான் ஆட்டக்காரர் ஒருவர்மேல் பட்டுப் பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போயிற்று. 2க்கு 1! நான்கு வெற்றி, ஒரு சமன், ஒரு தோல்வி என்று 13 புள்ளிகளோடு பிரிவில் முதலிடம் பிடித்தது ஜொகூர். அந்தப் போட்டியில் அடுத்த சுற்றுக்கு முன்னேறிய முதல் மலேசிய அணி அதுதான்.

அந்த ஐந்து கோல் இரவுக்கும் உல்சான் ஆட்டத்துக்கும் இடையே ஒரு வாரம்கூட இல்லை. புது ஆட்களை வாங்கவோ புது ஆட்டம் பழகவோ நேரம் இல்லை. இருந்தவர்களை நம்புவது ஒன்றுதான் வழி. அவர்களும் நம்பிக்கையைக் காப்பாற்றினார்கள்.

பொறுமை வரம் தருமா?

கதையை இந்த இடத்தில் முடித்துவிட்டால் இனிப்பாக இருக்கும். ஆனால் அது முழு உண்மை ஆகாது. அதே 2022 ஆகஸ்டில் ஜப்பான் சென்ற ஜொகூர், அடுத்த சுற்றில் ஊராவா அணியிடம் மறுபடியும் 0க்கு 5 என்று தோற்றுத் திரும்பியது. பொறுத்திருந்தால் எப்போதும் வெல்லலாம் என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். பொறுமை வெற்றிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு அல்ல. திறமை கூடிய எதிராளி வந்தால் தோற்கத்தான் வேண்டியிருக்கும்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். அந்தத் தோல்வியோடு அணி இடிந்து உட்காரவில்லை. அதே ஆண்டு சூப்பர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் ஜொகூர் வென்றது. ஓர் இரவு வாங்கிய ஐந்து கோலை வைத்து ஓர் ஆண்டின் உழைப்பை அளந்திருந்தால் எவ்வளவு தவறாகப் போயிருக்கும்!

பழைய ஆட்களுக்கு இன்னொரு கதையும் நினைவிருக்கும். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்குக்கு மலேசியக் காற்பந்து அணி போனது. அமெரிக்காவை 3க்கு 0 என வென்ற அந்த அணி, மொரோக்கோவிடம் 0க்கு 6 என்று தோற்றது. அந்த அணியில் சோ சின் ஆன் என்ற 22 வயது தற்காப்பு ஆட்டக்காரர் இருந்தார். ஆறு கோல் வாங்கிய அணியில் இருந்தவர் என்று அவரைத் தூக்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1980இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில், தென் கொரியாவை 2க்கு 1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணிக்குத் தலைவராக நின்றவர் அதே சோ சின் ஆன்தான். அவருக்குப் பக்கத்தில் சந்தோக் சிங். அவர்களுக்குப் பின்னால், நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் எடுத்த நம் ஆர். ஆறுமுகம். உலக அரசியலால் நாடு மாஸ்கோ போட்டியைப் புறக்கணித்தது வேறு கதை. ஆனால் அந்தத் தற்காப்பு வரிசையை இன்றைக்கும் பெருமையோடு பேசுகிறோம். மியூனிக்கிலிருந்து மெர்டேக்கா அரங்கம் வரைக்கும் எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டையும் யாரோ பொறுத்திருக்கிறார்கள்.

பொறுமை வேறு, கண்மூடித்தனம் வேறு

பொறுமை என்றால் எதையும் சொல்லக் கூடாது என்று பொருளா? இல்லை. ராஜகோபால் கோல் கீப்பரை மாற்றினாரே! ஆக, பிழையைப் பார்க்க வேண்டும், சொல்ல வேண்டும், திருத்தவும் வேண்டும். எப்போது, எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தோட்டத்து அணியை நடத்துகிறவர்கள் இவற்றைச் செய்து பார்க்கலாம்.

ஒன்று: பின்வரிசை நால்வரையும் குறைந்தது நாலைந்து ஆட்டமாவது சேர்ந்து ஆட விடுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஒருவரை மாற்றுங்கள், மூவரை விட்டுவையுங்கள்.

இரண்டு: வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் தொடக்கம் எங்கே என்று தேடுங்கள். பந்து நம்மிடமிருந்து எங்கே பறிபோனது? ஆட்டம் முடிந்த மறுநாள், கோபம் ஆறிய பிறகு, எல்லாரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். தோற்ற சூட்டில் பேசுவது அறிவுரை ஆகாது, வசவுதான் ஆகும்.

மூன்று: கீப்பரைப் பேசப் பழக்குங்கள். முழுத் திடலும் தெரிவது அவருக்குத்தான். "வலப்பக்கம் ஆள்!" என்ற ஒரு குரல் ஒரு கோலைத் தடுக்கும்.

நான்கு: ஒரு கோல் வாங்கியதும் அடுத்த ஐந்து நிமிடம் யாரும் அவசரப்பட்டு ஏறக் கூடாது என்று சொல்லி வையுங்கள். ஒன்று இரண்டாகாமல் இருந்தாலே பாதி ஆட்டம் கையில் இருக்கும்.

கரையில் நிற்கும் நமக்கு ஒரே ஒரு வேலைதான். அந்தப் பையன் சரியாகத் தடுத்த ஒன்பது பந்துக்கு ஒரு முறையாவது கை தட்டுங்கள்.

மரம் சொல்லும் பாடம்

பால் வெட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ரப்பர்க் கன்று நட்டால் கத்தி வைக்க ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும். காத்திருந்து வெட்டும்போதும் அவசரப்பட்டால் போயிற்று. கத்தி ஆழமாய்ப் பாய்ந்து கட்டையில் காயம் பட்டுவிட்டால், அந்த இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பின்னால் அங்கே கத்தி ஓடாது. அன்றைக்கு நாலு சொட்டு கூடக் கிடைக்கலாம். ஆனால் மரம் கெட்டுவிடும். நம் அப்பா அம்மாவுக்கு இந்தக் கணக்குத் தெரியும். மரத்திடம் காட்டிய அந்த நிதானத்தைப் பெற்ற பிள்ளையிடம் காட்ட மட்டும் ஏன் தயங்குகிறோம்?

திடலில் நடப்பதுதான் வீட்டிலும் நடக்கிறது. அரையாண்டுச் சோதனையில் கணக்குப் பாடத்தில் மகன் குறைவாக வாங்கிவிட்டால், "நீ எதுக்கும் லாயக்கில்ல" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். அரையாண்டு என்பது பாதிதானே! இன்னும் பாதி ஆண்டு அவன் கையில் இருக்கிறது, நம் கையிலும் இருக்கிறது. பிழை எங்கே தொடங்கியது என்று பக்கத்தில் உட்கார்ந்து தேடினால், கூட்டலில் தொடங்கியதா வாய்ப்பாட்டில் தொடங்கியதா என்று தெரிந்துவிடும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, எத்தனையோ குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போய்விட்ட காலம் இது. நம் பிள்ளைகள் ஒன்றாகக் கூடி ஓடி விளையாட மிஞ்சியிருக்கும் சில இடங்களில் இந்தத் திடலும் ஒன்று. தோற்பதால் எந்தப் பிள்ளையும் திடலை விட்டுப் போய்விடுவதில்லை. அவமானப்பட்டால்தான் போய்விடுகிறான். அப்படிப் போகிறவன் மாலை நேரத்தை எங்கே கழிப்பான் என்று பெற்றவர்கள் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு மீண்டும் ஆட்டம் இருக்கிறது. அதே பையன்தான் பின்வரிசையில் நிற்பான். அவன் அம்மாவும் கோல் கம்பத்துக்குப் பின்னால் வந்து நிற்பார். பந்து அவனைத் தாண்டிப் போய்விட்டால், திட்டுவதற்கு வாயைத் திறக்கும்முன் அந்த அம்மாவின் முகத்தை ஒரு முறை பாருங்கள். பிறகு சத்தமாகச் சொல்லுங்கள்:

"பரவால்லடா தம்பி, அடுத்த பந்தப் பாரு!"